இருபது கிராம் ஈயம்

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அது பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும். காரின் சில்லைச் சமன்செய்ய றிம்மில் அடிக்கிற, விரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிறத் துண்டு, முதுகில் ஓர் இரும்புக் கவ்வி, வயிற்றில் 20 என்று அச்சு. இலங்கையின் எந்த மூலையில் வாகனம் நின்றுபோனாலும் உதிரிப்பாகம் தேடிக் கடைசியில் வந்து சேருகிற இடம் பஞ்சிகாவத்தை. எஞ்சின், கியர்பெட்டி, கதவு, கண்ணாடி என்று பெரிய சாமான்கள் குவிந்த இடத்தில் இந்தத் துண்டை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்து ரயர் கடைக்காரர் ரயர்களுக்குக் கணக்கு முடித்து, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான், "அந்த ஈயத்திலையும் ரெண்டு பெட்டி போட்டுவிடுங்கோ" என்பார்.

பெட்டிக்குள் வருமுன் அது பெரும்பாலும் ஒரு பற்றரியாக இருந்திருக்கும். உலகத்தில் இன்று புழக்கத்துக்கு வருகிற ஈயத்தில் பாதிக்கு மேல், பழைய பற்றரிகளையும் கழிவையும் உருக்கி எடுத்தது. அதோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் அந்திமனி சேர்த்தால் கொஞ்சம் விறைக்கும். ஆனாலும் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் றிம்மின் விளிம்போடு வளைந்து கொடுக்கும். பாரமும் சங்கையானது. ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம் நிற்கும், இரும்பு 7.9, துத்தநாகம் 7.1. சில்லின் விளிம்பில் இடம் கொஞ்சம்தான், அதனால் ஈயத்துக்கே முதல் மரியாதை.

இரவு கொழும்பை விட்ட லொறி விடியற்புறம் ஆனையிறவைத் தாண்டி பளை, முகமாலை, சாவகச்சேரி என்று குடாநாட்டுக்குள் வந்துவிடும். இதே பெட்டி முப்பத்தைந்து வருடத்துக்கு முன் புறப்பட்டிருந்தால் வவுனியாவோடு பயணம் முடிந்திருக்கும். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். ஈயத்துண்டு அதில் தனியே பெயர் பெற்றிருக்குமா என்று யோசிக்கத் தேவையில்லை. வந்து சேர்ந்திருந்தாலும் இங்கே அதற்கு வேலை இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஓடினவை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஏ-40யும் மொரிஸ் மைனரும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. பிற்காலத்து ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் நாலு பக்கமும் கல் அடுக்கி, வண்டியை அதன்மேல் இருத்திவிட்டுச் சைக்கிளில் போனார்கள். சாவிலும் கலியாணத்திலும் தெரு முழுக்க அந்த மண்ணெண்ணெய்ப் புகை நின்றதை அனுபவித்தவர்களுக்கு இப்போதும் மூக்கில் வரும்.

சில்லுக்கு அப்போது வேறு உத்தியோகங்களும் கிடைத்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் அநேகம். சுற்றுகிற பிள்ளை அசந்தால் செய்தி அமுங்கிப்போகும், குஷியில் வேகம் கூட்டினால் வானொலி எரிந்துபோகும் என்ற பயம். பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. யாழ்ப்பாணத்தாரில் பெரும்பகுதியினர் ஒரே இரவில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி வெளிக்கிட்டார்கள். கார், லாண்ட்மாஸ்ரர், சைக்கிள் எல்லாம் கிழவிகளின் நடைக்கு மேல் ஓர் அடி போகவில்லை. ஒழுங்கைகளில் குண்டும் குழியும், பெரிய வீதிகளில் செல் விழுந்த கிடங்கு. பத்தும் இருபதுமாக ஓடுகிற காரில் ஸ்ரியறிங் ஆடினால் அதற்குச் சில்லைக் குற்றம் சொல்ல யாருக்குத் தோன்றும்?

கணக்குப் பார்த்தாலும் அதே முடிவுதான். 14 அங்குல றிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு இங்கே காண்கிற சின்னக் கார்களின் ரயர் அளவுக்கு, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 20 கிராம் சில்லை வெளியே இழுக்கிற விசை முந்நூறு கிராம் சொச்சம்தான். தெருவின் குலுக்கலில் அது காணாமல் போய்விடும். வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்காகும். 80-க்குப் போனால் அதே 20 கிராம் இரண்டு கிலோவுக்கு மேல் இழுக்கும். அதுவும் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல், ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே. காரின் சில்லும் அச்சும் தாமாகவே துள்ளுகிற கதியும் ஏறத்தாழ இதுதான். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் ஸ்ரியறிங் கைக்குள் நடுங்கும். இன்னும் அழுத்தி நூறைத் தாண்டினால் சில கார்களில் நடுக்கம் குறைந்ததுபோல் இருக்கும். நோய் மாறிவிட்டது என்று நம்பி அப்படியே ஓட்டுகிறவர்களும் உண்டு.

ஆக, இந்தத் துண்டு யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு முதலில் வேகம் வரவேண்டியிருந்தது, வேகம் வருவதற்குத் தெரு. 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்தபோது இரு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை, நடுவில் கிடங்கு. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடியாயிற்று. 2009-இல் போர் முடிந்து, அடுத்த சில வருடங்களில் காபெட் போட்ட பிறகுதான் குடாநாட்டுக் கார்கள் முதன்முதலாக எண்பதைத் தொடர்ந்து பிடித்தன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து பூநகரிப் பக்கமும் வழி விட்டது. ஆனையிறவுத் தாம்போதியில் ஒரு குலுக்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகையில்தான் பலருக்குத் தங்கள் சில்லின் கோணல் தெரிய வந்தது. நல்ல தெரு சில்லைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதுவரை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைகள் கடன் எடுத்துச் சில்லைச் சமன்செய்கிற மெஷின் இறக்கின.

கண்டி வீதியோரம் அப்படியொரு கடையில் நின்று பாருங்கள். வருகிறவர் வாசலிலேயே வாக்குமூலம் கொடுப்பார்: "தம்பி, எண்பதிலை பிடிச்சா ஸ்ரியறிங் ஆடுது." நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கிற வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றால் இந்த வசனத்துக்கே தண்டப் பத்திரம் எழுதலாம்.

தம்பி ஜக்கி வைத்துச் சில்லைக் கழற்றுகிறார். முதல் வேலை பழையதைப் பிடுங்குவது: குறட்டால் கவ்வி ஒரு நெம்பு, ஈயம் தகர வாளிக்குள் 'டங்' என்று விழும். அடுத்தது றிம்மின் உள்பக்கம். கோப்பாய், இணுவில் பக்கத்துத் தோட்டக் காணிக்குள் போய்வருகிற வண்டியென்றால் அங்கே செம்மண் காய்ந்து ஓடுபோல இறுகியிருக்கும். கத்தியால் சுரண்டினால் ஒரு கைப்பிடி வரும். பாதிப் பேருடைய நடுக்கம் இந்த மண்தான் என்பது என் சந்தேகம். அதைச் சுரண்டாமல் மெஷினில் ஏற்றி, மண்ணுக்கும் சேர்த்து ஈயம் அடித்துவிட்டால், அடுத்த மழையில் மண் கழுவுப்பட்டதும் சில்லு மறுபக்கம் ஆடத் தொடங்கும். ரயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களையும் திருப்புளியால் எடுக்க வேண்டும். அவசரக் கடைகளில் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு கூம்பை நடு ஓட்டைக்குள் செருகி, நட்டை இறுக்கி, றிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து தூரம் மூன்றையும் கொடுத்து மூடியை இறக்க, சில்லு சுழன்று நிற்கும். திரையில் இரண்டு எண்: உள்பக்கம் 35, வெளிப்பக்கம் 20. இரண்டு எண் ஏன் என்றால், சில்லு மேல்கீழாகத் துள்ளுவது ஒரு கோளாறு, வலம் இடமாக வள்ளம்போல் அசைவது இன்னொன்று. நீர்மட்டக் குமிழி பார்த்துச் சமன் செய்த பழைய முறைக்கு முதலாவது மட்டுமே அகப்படும். தம்பி சில்லைக் கையால் மெல்ல உருட்டுவார். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்ததும், உச்சியில் ஈயத்தை வைத்து இரண்டு தட்டு. மறுபடி ஓட்டம். 00. அலோய் றிம்மென்றால் சுத்தியலுக்கு வேலையில்லை, ஐந்தும் பத்துமாக வெட்டுக் குறி போட்ட பட்டியைத் துண்டாக்கி உள்ளே ஒட்டிவிடுவார். எண்ணெய் துடைக்காமல் ஒட்டினால் கொடிகாமம் தாண்டுமுன் கழன்றுவிடும்.

புது ரயருக்கும் இது தேவையா என்று கேட்கிறவர்கள் அதன் பக்கவாட்டில் உள்ள மஞ்சள் பொட்டைப் பார்க்கலாம். ரயரின் பாரம் குறைந்த இடத்தைத் தொழிற்சாலையே அடையாளமிட்டு விடுகிறது. காற்றடிக்கிற வால்வுக்கு நேரே அதை வைத்து ஏற்றினால் ஈயம் குறையும். றீபில்ட் ரயருக்கு அப்படி ஒரு பொட்டும் கிடையாது. திரையில் 70, 80 என்று எண் வரும்போது தம்பி முகத்தைச் சுளிப்பார்.

"பின் சில்லும் போடுறதோ அண்ணை?"

"முன் ரெண்டும் காணும்."

காணாது. பின்சில்லின் ஆட்டம் கைக்கு வராது, இருக்கையால் ஏறி முதுகுக்கு வரும், ரயரையும் திட்டுத் திட்டாகத் தின்னும். ஆனால் நாலு சில்லுக்கும் காசு கொடுக்கிறவரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

இந்த மெஷினின் மூதாதை காருக்காகப் பிறந்ததல்ல. நீராவிச் சுழலிகள் வேகமெடுத்த காலத்தில், 1907 அளவில் ஜெர்மனியின் பிரான்ஸ் லவாசெக் சுழலும் பாகங்களைச் சமன்செய்ய ஓர் இயந்திரம் வகுத்தார். டார்ம்ஸ்டாட் நகரத்து கார்ல் ஷெங்க் நிறுவனம் அடுத்த வருடமே உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது.

றிம்மில் ஏறிய ஈயம் அங்கேயே சாகும்வரை இருக்கும் என்பதில்லை. குழியில் விழுந்த அதிர்ச்சியில், சில்லு மதகில் உரசியதில், கவ்வி தளர்ந்து தெருவோரம் தெறித்துவிடும். அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரத் தெருக்களில் றொபேட் றூட் என்பவர் இப்படி விழுந்தவற்றைத் தேடி ஆராய்ந்து 2000-இல் எழுதினார். ஈயம் மிருதுவானது. வாகனங்கள் ஏறி ஏறி, விழுந்த ஈயத்தில் பாதி ஒரு வாரம் சொச்சத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகிவிடுகிறது என்று கண்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலை 1 முதல் கார்ச் சில்லில் ஈயத்தைத் தடுத்துவிட்டது.

சுண்ணாம்புக் கல்லின்மேல் உட்கார்ந்து கிணற்றை நம்பிக் குடிக்கிற ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சுன்னாகத்தில் அனல்மின் நிலையச் சுற்றாடல் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல் தீர்ப்பானது. சில்லு ஈயம் கிணற்றுக்குள் போய்விட்டது என்று பயமுறுத்த வரவில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் உலோக ஈயம் இலேசில் கரையாது. ஆனால் தெருவோரப் புழுதியாகிப் பிள்ளைகளின் கையில் ஒட்டினால் தண்ணீர் செய்கிற உதவி அங்கே கிடையாது.

தெருவில் விழாமல் தகர வாளியில் விழுந்ததற்கு இன்னொரு பயணம் இருக்கிறது. பாசையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்த வாளியைத் தூக்கிப் பார்த்து விலை பேசியதை நான் கண்டிருக்கிறேன். வீச்சுவலைக்கு ஈயம் வேண்டும். வலையின் விளிம்பு முழுக்கப் பாரம் ஒரே அளவாக நிற்காவிட்டால் வீசும்போது வலை வட்டமாக விரியாது, ஒரு பக்கம் சுருண்டு விழும், மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். பழைய சட்டியில் விறகு மூட்டி உருக்குவார்கள். ஈயம் 327 பாகையில் இளகிவிடும். இரும்புக் கவ்விகள் ஈயத்தைவிட இலேசு என்பதால் மேலே மிதக்கும். அகப்பையால் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை அச்சில் ஊற்றலாம். திறந்த வெளியில், காற்று வரும் திக்கில் நின்று, பிள்ளைகளைக் கிட்ட விடாமல் செய்ய வேண்டிய வேலை. குசினி அடுப்பில் செய்கிறவர்களை என்ன சொல்வது?

இப்போது வாளியில் சிக்கல் வந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து இறங்குகிற கார்களின் றிம்மில் பெரும்பாலும் இரும்புத் துண்டு. பஞ்சிகாவத்தைப் பெட்டிகளிலும் ஈயத்தோடு இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. இரும்பு இந்த உப்புக் காற்றில் பூச்சு உரிந்த இடத்தால் கறள் கட்டுகிறது, விறகு நெருப்புக்கும் இளகாது. அது போகட்டும், மிதக்கிறதை எடுத்து எறியலாம். துத்தநாகம்தான் தொல்லை. நிறத்தில் ஈயம்போலவே இருக்கும், 419 பாகையில் உருகும். நெருப்புக் கொஞ்சம் கூடிப்போனால் ஈயத்தோடு கலந்து முழுச் சட்டியையும் கஞ்சிபோல் ஆக்கிவிடும். அச்சுக்குள் ஒழுங்காக இறங்காது. பாசையூர்க்காரர் வாளியைக் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்ததை ஒரு பக்கம் போட்டார், விழாததைக் கடைக்காரரிடமே தள்ளினார். முந்தின விலைக்கு இனி எடுக்க ஏலாது என்றார். கடைக்காரரும் விடவில்லை.