ஒன்பதாவது சிப் எங்கே போச்சு?

கம்ப்யூட்டர் அடிக்கடி தானா நின்றுபோகிறது என்றால் நம்மூரில் முதல் வைத்தியம் ரேமைக் கழற்றி, ரப்பரால் அதன் தங்க நிற முனைகளைத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது. முனையில் படிந்த அழுக்குதான் காரணம் என்றால் இது வேலையும் செய்யும். செய்யவில்லையா, அடுத்தது "ஃபார்மேட் அடிச்சுடலாம் சார்". எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. ரேம் தப்பு பண்ணுதுன்னு மெஷினே ஏன் சொல்ல மாட்டேங்குது?

தேடிப் பார்த்தால், ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 9 பிட் நினைவகம் வைத்திருந்தார்கள். போர்டில் ஒரு வரிசைக்கு 9 சிப். ஒன்பதாவது பிட்டில் நம் தகவல் எதுவும் இருக்காது. மற்ற எட்டில் இருக்கும் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்ற குறிப்பு மட்டும்தான். இதற்குப் பெயர் பாரிட்டி. திரும்பப் படிக்கும்போது கணக்கு உதைத்தால், திரையில் 'பாரிட்டி செக் 1' என்று வந்து மெஷின் அப்படியே நின்றுவிடும். 1 என்றால் மதர்போர்டில் உள்ள நினைவகம், 2 என்றால் கூடுதலாகச் செருகிய கார்டு. எந்த பிட் மாறியது என்று அதற்குத் தெரியாது, திருத்தவும் முடியாது. ஆனா எங்கே கை வைக்கணும்னு தெரிஞ்சுடும்.

நினைவகம் தப்பு செய்யும் என்பது அப்போது சூடான விஷயம். 1978-ல் இன்டெல்லின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சிப்பை மூடியிருக்கும் உறையில் இம்மியளவு இருந்த யுரேனியமும் தோரியமும் வெளிவிடும் ஆல்பா துகள்களே 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றுகின்றன என்று காட்டியிருந்தார்கள்.

பிறகு விலை உள்ளே வந்தது. 8 சிப் போதும் என்ற இடத்தில் 9 வாங்கினால் 12.5% கூடுதல் சரக்கு. தொண்ணூறுகளில் ரேம் விற்ற விலைக்கு அது சின்னத் தொகை இல்லை. சிலர் செய்ததுதான் அநியாயம். ஒன்பதாவது இடத்தில் நினைவக சிப்புக்குப் பதில், எதைப் படித்தாலும் 'கணக்கு சரி' என்று அந்த நொடியே பதில் சொல்லும் ஒரு மலிவுச் சில்லை ஒட்டி விற்றார்கள். போலி பாரிட்டி என்றே அதற்குப் பெயர் வந்தது. (சாட்சிக்கூண்டில் பணம் வாங்கின சாட்சி மாதிரி.) 1995-ல் இன்டெல் பென்டியத்துக்குக் கொண்டுவந்த 430எஃப்எக்ஸ் சிப்செட்டில் பாரிட்டி வசதியே கிடையாது. பிழையைத் திருத்தவும் செய்யும் இசிசி நினைவகம் பெரும்பாலும் சர்வர்களுக்கு என்று ஆனது. சிப் தரம் உயர்ந்துவிட்டது, விண்டோஸ் அதைவிட அதிகமா கிராஷ் ஆகுது என்பது எடுத்தெடுப்பில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பாரிட்டி போனபின் எது விண்டோஸ் தப்பு, எது ரேம் தப்பு என்று பிரித்துச் சொல்ல மெஷினுக்கு வழியில்லை. பழி முழுக்க மென்பொருள் தலையில், இல்லாவிட்டால் வைரஸ் தலையில்.

2009-ல் கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்த கட்டுரை வந்தது. ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் துண்டுகளில் பிழை பதிவாகியிருந்தது. அங்கே இசிசி இருந்ததால் எண்ண முடிந்தது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் சாதாரண பிசிக்களைப் பார்த்தபோது அந்த வசதி இல்லை. கிராஷ் ஆன பிசிக்கள் அனுப்பிய பதிவில் இருந்த கெர்னல் நிரலை அசலோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. நினைவகத்தின் ஒரு சிறு மூலைதான் அதில் தெரியும். அப்படியும் ஒரு விஷயம் பளிச்சென்று வந்தது: வன்பொருள் கோளாறால் ஒருமுறை கிராஷ் ஆன மெஷின் மறுபடி கிராஷ் ஆகும் வாய்ப்பு, முதல்முறையைவிட நூறு மடங்கு வரை அதிகம்.

அதனால் ஃபார்மேட்டுக்கு முன்னால் மெம்டெஸ்ட்86 போட்டு ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். 1994-ல் கிறிஸ் பிராடி எழுதிய நிரல் அது, இன்றும் கிடைக்கிறது. பிழை காட்டினால் ரேம் துண்டுகளை ஒவ்வொன்றாக மட்டும் மாட்டித் திரும்ப ஓட்டுங்கள். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு புதுசா விண்டோஸ் போட்டால், காப்பி ஆகும் ஃபைல்களும் அதே ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகும்.