பேக்கப்பின் கதை: எந்த நகல் காப்பாற்றியது?



வீட்டுக் கணினியில் இருப்பதை எப்படி பேக்கப் எடுத்து வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பென் டிரைவ் போதும் என்பார் ஒருவர். எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பார் இன்னொருவர். இந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. கடந்த நாற்பது வருடங்களில் எந்த நகல் கைகொடுத்தது, எந்த நகல் கைவிட்டது? பார்த்துவிடுவோம்.

பிளாப்பி காலம்

1983-ல் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. உள்ளேயே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்று போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்குத்தான் அந்த இடம் போதும், அன்று அது பெரிய விஷயம். அதுவரை எல்லாமே பிளாப்பியில் இருந்ததால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க் வந்ததும் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. அது போனால் எல்லாம் போச்சு!

அதனால்தான் அந்தக் கணினியோடு வந்த டாஸ் 2.0-வில் பேக்கப், ரீஸ்டோர் என்று இரண்டு கட்டளைகளைக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பிளாப்பியில் 360 கேபிதான் கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்தால் 29 பிளாப்பி வேண்டும். ஒவ்வொன்றாகச் செருகி, எண் எழுதி, அடுக்கி வைக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போதும் அதே வரிசை. நடுவில் ஒரு பிளாப்பி பூஞ்சை பிடித்திருந்தால் அதிலிருந்த கோப்புகள் அம்போ. வாரா வாரம் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆக, வரலாறு சொல்லும் முதல் பாடம் இது: செய்யக் கஷ்டமான வழக்கம் நிலைக்காது.

பூட்டு இருக்கிறது, சாவி எங்கே?

1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-ல் புதிதாக ஒரு பேக்கப் நிரல் இருந்தது. பிளாப்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்க கோப்புகளைச் சுருக்கி வைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, அதனுடன் வந்த பேக்கப் நிரலால் டாஸ் காலத்துப் பேக்கப்பைத் திறக்க முடியவில்லை. இதே கதை 2007-ல் விஸ்டா வந்தபோதும் நடந்தது. எக்ஸ்பியில் எடுத்த பேக்கப் கோப்பை விஸ்டாவின் பேக்கப் நிரல் படிக்காது. அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு நிரலைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கருவிகளும் அப்படித்தான். 1994-ல் ஐயோமெகா நிறுவனம் ஜிப் டிரைவ் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஒரு தட்டில் 100 எம்பி! வீட்டுக் கணினிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சில வருடங்களில் 'மரண க்ளிக்' என்ற பெயரில் ஒரு கோளாறு பிரபலமானது. டிரைவ் க்ளிக் க்ளிக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் தட்டும் கெட்டுப்போகலாம். கெட்ட தட்டை வேறு டிரைவில் போட்டால் அதுவும் கெடலாம். 1998-ல் விஷயம் நீதிமன்றம் வரை போனது.

இரண்டாவது பாடம்: எந்தக் கருவியும் எந்த நிரலும் நிரந்தரம் இல்லை.

வுடியைக் காப்பாற்றிய வீட்டுக் கணினி

இனி முக்கியமான கதைக்கு வருவோம். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. படத்தின் கோப்புகள் இருந்த சர்வரில் யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதே வுடியின் தொப்பி காணாமல் போனது, பிறகு பூட்ஸ், பிறகு வுடியே காணோம். ஓடிப்போய் சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

பேக்கப் டேப் இருக்கிறதே என்று நிம்மதியாக எடுத்துப் போட்டார்கள். சில நாட்கள் வேலை செய்த பிறகுதான் அது சரியான பேக்கப் இல்லை என்று தெரிந்தது. அளவு எல்லையைத் தாண்டியதால் கோப்புகள் விடுபட்டுப் போயிருந்தன, எச்சரிக்கையும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கொஞ்ச காலமாகவே யாரும் அந்த டேப்பிலிருந்து எதையும் மீட்டுப் பார்க்கவில்லை.

அப்போது படத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மன், தன் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருக்கும் என்றார். குழந்தை பிறந்ததால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். அதற்காகப் படத்தின் கோப்புகள் அவ்வப்போது அவர் வீட்டுக் கணினிக்கு வந்துகொண்டிருந்தன. அவரும் உடன் பணிபுரிந்த ஓரன் ஜேக்கப்பும் போய், கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது. (இடையில் கதையையே பெருமளவு மாற்றினார்கள் என்பது வேறு கதை.)

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலும் கிட்டத்தட்ட இதே சம்பவம். ஒரு பொறியாளர் ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. நிறுத்துவதற்குள் மிச்சம் இருந்தது 4.5 ஜிபிதான். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட உடனே உதவவில்லை. ஒன்று பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்லும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? சோதனைச் சர்வருக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த நகல்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேக்கப் என்று பெயர் வைத்து, தானாக ஓடும்படி செய்து, யாரும் திறந்தே பார்க்காமல் விட்ட நகல் கைவிட்டது. வேறு வேலைக்காக எடுத்து, கையில் புழங்கிக்கொண்டிருந்த நகல் காப்பாற்றியது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. புழக்கத்தில் இருக்கும் நகல் கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். பீரோவில் பூட்டி வைத்தது கெட்டால், அது தேவைப்படும் அன்றுதான் தெரியும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் தன் புத்தகத்தில் எழுதிய 3-2-1 விதி பிரபலமானது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். விதி எளிமையானது, வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் மேலே சொன்ன வரலாற்றைப் பார்த்தால் அதனுடன் இன்னும் சில விஷயங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, படங்களையும் ஆவணங்களையும் சாதாரண ஃபோல்டர்களாகவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். பெரும்பாலான கணினிகளில் செருகினால் திறக்கும், தனி பேக்கப் நிரலை நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு, அந்த டிஸ்கைப் புழக்கத்தில் வையுங்கள். குடும்பப் படங்களை டிவியில் காட்டும்போது கணினியிலிருந்து காட்டாமல் அந்த டிஸ்கிலிருந்து காட்டுங்கள். அதுவே சோதனை.

மூன்று, புழங்கும் நகலுக்கும் ஆபத்து உண்டு. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னகிரை போன்ற வைரஸ்கள் கணினியோடு செருகியிருக்கும் டிஸ்கையும் பூட்டிவிடும். கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதனால் இரண்டாவதாக ஒரு டிஸ்க், மாதம் ஒருமுறை மட்டும் செருகி எடுப்பதற்கு. அது சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். போய் எடுத்து வரும் சாக்கில் அவர்களையும் பார்த்த மாதிரி இருக்கும் :-)

அந்த டிஸ்கைக் கையில் வாங்கும் ஒவ்வொரு மாதமும், புதிதாகக் காப்பி செய்வதற்கு முன்னால், பழைய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து நாலு படங்களைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போனால் ராத்திரி விழித்திருந்து திரும்ப எழுதிவிடலாம். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே நண்பர்களே, பேக்கப் எடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. எடுத்து வைத்ததைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?