சவாமுரா எய்ஜி: ஒரு வலது கையின் கணக்கு

ஜப்பான் தொழில்முறை பேஸ்பாலில் வருஷா வருஷம் மிகச் சிறந்த பிட்ச்சருக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். பெயர் சவாமுரா விருது. 1947-ல் ஆரம்பித்தது. அந்த சவாமுரா யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒரே ஒரு நாள் ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு நாளைவிட அதற்குப் பின்னால் வந்த பத்து வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பேஸ்பால் கொஞ்சம் தூரம்தான். இரண்டு விஷயம் தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். பந்து வீசுபவர் பிட்ச்சர். மூன்று ஸ்ட்ரைக் போட்டு மட்டையாளரை அனுப்பினால் அது ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாமல் வீசினால் அது நோ-ஹிட்டர். பல பிட்ச்சர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட வாய்க்காது.

இப்போது அந்த ஒரு நாள். 1934 நவம்பர் 20, ஷிசுவோகா நகரத்தின் குசனகி மைதானம். யோமியூரி பத்திரிகை அமெரிக்காவிலிருந்து ஒரு நட்சத்திர அணியையே வரவழைத்திருந்தது. சவாமுரா எய்ஜிக்கு வயது 17. சார்லி கெரிங்கர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் என்று நான்கு ஜாம்பவான்களை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆட்டம் என்னவோ தோல்விதான். கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னில் 1-0. அந்தச் சுற்றுப்பயணத்தின் மற்ற ஆட்டங்களில் இதே பையன் நன்றாக அடி வாங்கியும் இருக்கிறார். அதெல்லாம் மறந்துபோய், இந்த ஒரு தோல்வி மட்டும் ஜெயித்த மாதிரி நிலைத்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் ஆடுவதற்கு அவர் கொடுத்த விலையைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளி மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது என்று 1932-லேயே கல்வி அமைச்சகம் விதி போட்டிருந்தது. ஆகவே ஆட வேண்டும் என்றால் பள்ளியை விட வேண்டும். விட்டார். அதே டிசம்பரில் உருவான அணிதான் பிறகு டோக்கியோ ஜயன்ட்ஸ் ஆனது. அதில் சேர்ந்து, 1935-ல் அமெரிக்கா போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்தது அந்த அணி.

1936-ல் ஜப்பானில் லீக் தொடங்கியது. அந்த செப்டம்பரிலேயே லீக்கின் முதல் நோ-ஹிட்டர், சவாமுராவுடையது. 1937 மே மாதம் இரண்டாவது. அந்த வசந்த காலப் பருவத்தில் மட்டும் 24 வெற்றி, 4 தோல்வி. 9 இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 0.81. அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு ரன்கூட இல்லை! வயது 20.

அந்த 20 வயதுதான் சிக்கல். கட்டாய ராணுவ சேவைக்கான வயது அது. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை தள்ளிவைக்கும் சலுகை இருந்தது. இதற்காகவே மாலைக் கல்லூரியில் பெயரைப் பதிந்துவைத்த ஆட்டக்காரர்களும் உண்டு. பள்ளியையே முடிக்காதவருக்கு அந்த வழி கிடையாது. 17 வயதில் எடுத்த முடிவுக்கான பில் 20 வயதில் வந்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

1938 ஜனவரியில் ராணுவம். சீனப் போர்முனை. இடது கையில் குண்டு பட்டது, மலேரியா வந்தது. ஆனால் பிட்ச்சராக அவரை முடித்தது அவருடைய திறமையேதான். நன்றாக எறியத் தெரிந்தவர் என்பதால் கையெறி குண்டு வீச வைத்தார்கள். பேஸ்பால் சுமார் 145 கிராம். அன்றைய ஜப்பானியக் கையெறி குண்டு அதைப்போல மூன்று மடங்கு. திரும்பத் திரும்ப எறிந்ததில் வலது தோள் போய்விட்டது.

1940-ல் திரும்பி வந்தபோது கையை மேலே தூக்கி வீசும் பழைய வேகம் இல்லை. பக்கவாட்டில் வீசப் பழகிக்கொண்டார். அப்படி வீசியும் அந்த ஜூலையில் மூன்றாவது நோ-ஹிட்டர். வேகம் போன பிறகு வெறும் மூளையையும் குறியையும் வைத்து எடுத்தது என்பதால், மூன்றில் இதுதான் பெரிசு என்பேன். 1941-ல் மறுபடி அழைப்பு, இந்த முறை பிலிப்பைன்ஸ். 1943-ல் திரும்பி வந்து ஆடியதில் ஒரு வெற்றிகூட இல்லை, 3 தோல்வி. 1944-ல் ஜயன்ட்ஸ் அவரை விடுவித்தது. அந்த அக்டோபரில் மூன்றாவது அழைப்பு. டிசம்பர் 2 அன்று அவர் போன கப்பலை யாகுஷிமா தீவுக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. வயது 27.

இங்கே இன்னொருவரையும் பார்த்துவிடுவோம். விக்டர் ஸ்டார்ஃபின். ரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு ஜப்பானுக்கு ஓடிவந்த அகதி. அவரும் பள்ளியை விட்டு அதே 1934-ல் அதே அணிக்கு வந்த பிட்ச்சர். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாததால் ராணுவம் அவரை அழைக்கவில்லை. சும்மா விட்டார்கள் என்றும் இல்லை. ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வைத்தார்கள், போரின் கடைசியில் கருயிசாவாவில் அடைத்தும் வைத்தார்கள். ஆனால் தோள் தப்பியது. 1939-ல் மட்டும் 42 வெற்றி, மொத்தம் 303. ஜப்பானில் 300-ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

சவாமுராவின் மொத்தக் கணக்கு 63 வெற்றி, 22 தோல்வி. இதை ஒரே வரியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரித்துப் போட்டால் தெரியும். ராணுவத்துக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் 47 வெற்றி. வந்த பிறகு மிச்ச வாழ்நாள் முழுக்க 16.

அவர் பெயரிலான விருதுக்கு இன்று கடுமையான தகுதிப் பட்டியல் இருக்கிறது. அதை யாரும் எட்டவில்லை என்று 2019-ல் விருதையே கொடுக்காமல் விட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரி: ஒரே பருவத்தில் 15 வெற்றி.