ஆபுத்திரன் ஏந்திய ஓடு

ஊனத்தையும் இழிவையும் தமிழ்ப் புனைவு எப்படிப் பார்த்தது என்ற கேள்வியை, மதுரைக்காரர்களான நாம் மணிமேகலையிலிருந்தே தொடங்கலாம். வேள்விப் பசுவை மீட்டதற்காக அடித்து, பிறப்பைச் சொல்லி இழித்து, பார்ப்பனர்கள் துரத்திய ஆபுத்திரன் வந்து சேர்ந்தது தென்மதுரைக்கு. சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுவீடாக இரந்து, பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் நடக்க இயலாதோரையும் நோயாளிகளையும் அழைத்து ஊட்டினான், மிஞ்சியதை உண்டான். மணிமேகலையும் வினை பேசும் காப்பியம்தான். ஆனால் சோறிடும் முன் ஆபுத்திரன் யாரிடமும் முற்பிறவிக் கணக்குக் கேட்கவில்லை.

கணக்குக் கேட்டது மனுஸ்மிருதி. பார்வையின்மையும் பேச்சின்மையும் முற்பிறவிப் பாவத்தின் எச்சம் என்கிறது அதன் 11ஆம் அத்தியாயம். அவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது 9ஆம் அத்தியாயம். தீயொழுக்கத்தார் சண்டாளராகப் பிறப்பர் என்பது சாந்தோக்கிய உபநிடதம். சாதி இழிவுக்கும் ஊன இழிவுக்கும் நியாயம் கற்பித்த வாதம் ஒன்றுதான். அண்ணல் மனுஸ்மிருதியை எரித்தது 1927 டிசம்பர் 25. நோயோ குறைபாடோ வாரிசுரிமையைத் தடுக்காது என்று சட்டம் முழுமையாகச் சொன்னது 1956இல்.

1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த பழனிக்கு வருவோம். ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) நாவலில் அதே ஓடு வேறொருவரின் முதலாகிவிடுகிறது. ஊனமுற்றவர்களை ‘உருப்படி’ என்றழைத்து, வாங்கி விற்று, பிச்சைக்கு உட்கார வைக்கிறார் போத்திவேலு பண்டாரம். முத்தம்மையின் கருப்பையும் அவருக்குச் சரக்குதான். அவர் அரக்கரல்லர், பக்திமான், பெண்மக்கள்மீது உயிரை வைத்திருக்கும் தகப்பன். ஒடுக்குமுறை குடும்பமாகவும் கோயிலாகவும் நம்மிடையே நடமாடுவதை நாவல் காட்டுகிறது. அரசோ 1945ஆம் ஆண்டுச் சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தால், ஓட்டை ஏந்தியவரையே குற்றவாளியாக்கியிருந்தது.

அந்நாவலை இரக்கத்தோடு மட்டும் படித்து மூடுவது போதாது. உருப்படிகள் என்றழைக்கப்பட்டவர்கள் அதில் கேலி பேசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், அன்பு செய்கிறார்கள். அவர்களைப் பேச்சற்ற அவலமாக்கி வாசிப்பதும் அவர்களை ஒடுக்குவதே.

பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது குற்றம் என்கிறது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். கிட்டத்தட்ட அதே சொற்களில் பேசுகிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. இரண்டிலும் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. இரு இழிவுகளின் உறவைச் சட்டம் எழுதிவிட்டது. நம் மேடைகளும் நம் கதைகளும் இனி அதைப் பேச வேண்டும். சேரியிலும் ஊனமுற்றவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் இரண்டு இழிவையும் ஒரே உடலில் சுமக்கிறார்கள்.