கேம்பர் வேனுக்கு மலிவு லித்தியம் பேட்டரி

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி வைத்து வீடுபோல் அமைத்துக்கொண்ட வேனைக் கேம்பர் வேன் என்பர். அதில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு. மற்றொன்று, வண்டி நின்றபின் விளக்கு, குளிர்பெட்டி, தண்ணீர் பம்ப், சூடாக்கி ஆகியவற்றை ஓட்டுவதற்கு. இக்கட்டுரை இரண்டாவது பேட்டரியைப் பற்றியது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் டைப் 2 வேனைக் கொண்டுவந்த பிறகு ஐரோப்பாவில் வேன் வீடுகள் பெருகின. பல பத்தாண்டுகளாக அவற்றில் ஈய அமில பேட்டரியே இருந்தது. இப்போது அந்த இடத்தை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்கள் கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்கும் சீனத் தயாரிப்புகள் இணையக் கடைகளில் நிறைந்துள்ளன. அவற்றில் எது வேனுக்குத் தாங்கும் என்று கண்டறிவதற்கு வழி உண்டு.

வேதியியல்

இந்த பேட்டரியின் நேர்மின்முனைப் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட், 1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினரால் கண்டறியப்பட்டது. அதை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 1997-இல் வெளிவந்தது. அதற்கு வழிகாட்டிய பாலி அயனிச் சேர்மங்களை 1980-களின் இறுதியில் குட்இனஃபுடன் சேர்ந்து ஆராய்ந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃப் வேதியியல் நோபல் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே.

ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் கிடைக்கும். வேனின் 12 வோல்ட் கருவிகளுக்கு அது பொருந்தும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால், கைபேசி, மடிக்கணினி பேட்டரிகளைவிட இது தீப்பிடிப்பது அரிது. தூங்கும் இடத்துக்கு அடியிலேயே பேட்டரி இருக்கும் வண்டியில் இது பெரிய ஆறுதல். எடையும் குறைவு. 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி 25 முதல் 30 கிலோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் பயன்படுத்தினால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் பேட்டரி 11 கிலோ அளவில் அடங்கும். ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். ஐரோப்பாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்துக்கான 3,500 கிலோ எல்லையை ஒட்டியே பல வேன்கள் கட்டப்படுவதால், மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் குடிநீராகவோ சாமானாகவோ பயன்படும்.

எடையே முதல் சோதனையும் ஆகும். 100 ஆம்பியர் மணி என்று எழுதிய பெட்டி 6 கிலோதான் இருக்கிறது என்றால், அந்த எண் பொய். நான்கு நல்ல செல்களே சுமார் 8 கிலோ இருக்கும்.

தேவையை அளத்தல்

பேட்டரியின் குறையாகச் சொல்லப்படுவது பல நேரங்களில் கணக்கின் குறைதான். 100 ஆம்பியர் மணி என்பது 1,280 வாட் மணி. கம்ப்ரஸர் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர் மணி எடுக்கும். கோடையில் இன்னும் கூடும். விளக்கு, பம்ப், கைபேசி, மடிக்கணினி எல்லாம் சேர்த்து 60 அளவில் முடியும் குடும்பத்துக்கு ஒரு பேட்டரி போதும்.

மின் அடுப்பு வந்தால் கணக்கு மாறுகிறது. மலிவான 100 ஆம்பியர் மணி பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் 100 ஆம்பியருக்கு மேல் விடாது. அதாவது 1,280 வாட். இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் சுமார் 1,100 வாட்தான் கைக்கு வரும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்த உடனே வேன் இருளில் மூழ்கும். அது பேட்டரியின் தவறன்று. அப்படிப்பட்ட அடுப்பு வேண்டுமென்றால் இரண்டு பேட்டரிகளை இணையாக இணைக்க வேண்டும், அல்லது 200 ஆம்பியர் தாங்கும் சுற்றுள்ள பேட்டரியை வாங்க வேண்டும்.

குளிர்

மலிவான பேட்டரியை வேனில் வைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கொள்ளளவு பற்றியதன்று. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறுவதை அது தானாக நிறுத்துமா என்பதே. செல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், லித்தியம் அயனிகளால் எதிர்மின்முனையான கிராஃபைட்டுக்குள் வேகமாக நுழைய முடியாது. அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்தால் செல்லுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. குளிரில் மின்சாரம் எடுப்பதால் இந்தச் சேதம் வராது. பல பேட்டரிகள் கழித்தல் 20 டிகிரி வரை தரும்.

ஆல்ப்ஸ் மலையிலோ நார்வேயிலோ இரவு முழுதும் நின்ற வேனை நினைத்துப் பாருங்கள். காலையில் சூரியன் எழுகிறது, கூரையிலுள்ள சோலார் பேனல் சார்ஜ் ஏற்றத் தொடங்குகிறது. பேட்டரி இன்னும் உறைந்துதான் இருக்கிறது. வீட்டின் கூடத்தில் வைத்த பேட்டரிக்கு இந்த ஆபத்து வராது. வேனில் இருப்பதற்கு அன்றாடம் வரும். ஆகவே வீட்டுச் சூரிய மின்சாரத்துக்கு நன்றாக உழைக்கும் ஒரு மலிவு பேட்டரி வேனுக்குத் தகுதியற்றதாக இருக்கலாம். பாதுகாப்பு உண்டு என்று விளம்பரத்தில் எழுதிவிட்டுச் சுற்றில் அதை வைக்காத பேட்டரிகளும் விற்றிருக்கின்றன. சோதிப்பது எளிது: பேட்டரியைக் குளிர்கால இரவு முழுதும் வெளியிலோ உறைபெட்டியிலோ வைத்து, உள்ளே வரை குளிர்ந்தபின் சார்ஜரை ஒரு கணம் இணைத்துக் கிளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். மின்னோட்டம் சுழியில் நின்றால் பாதுகாப்பு இருக்கிறது. ஓடினால் உடனே கழற்றிவிட வேண்டும்.

பாதுகாப்பு இல்லாத பேட்டரி கைக்கு வந்துவிட்டால், வெப்ப உணரி கொண்ட சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைத்து வெளியிலிருந்தே அந்த வேலையைச் செய்விக்கலாம். ஆனால் சார்ஜ் தரும் ஒவ்வொரு வழிக்கும் அது வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரிக்குள்ளேயே சூடேற்றும் பட்டை உள்ள வகைகளும் உண்டு. குளிர்காலத்தை ஸ்பெயினிலோ மொராக்கோவிலோ கழிப்பவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது. அவர்கள் வெயிலில் நிற்கும் வண்டியின் உட்சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கொள்ளளவுச் சோதனை

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். எனவே வோல்ட்மீட்டரைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. போகும், வரும் மின்னோட்டத்தை எண்ணும் ஷண்ட் மீட்டர் தேவை. மலிவு பேட்டரி வாங்கி மிச்சப்படுத்திய பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

பேட்டரியை 14.4 அல்லது 14.6 வோல்ட் வரை முழுதும் ஏற்றி, சுமார் 20 ஆம்பியர் எடுக்கும் சுமையை இணைத்து, தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு ஐந்து மணிநேரம் ஆகும். 20 டிகிரிக்கு மேற்பட்ட அறையில் செய்வது முறை. ஒல்லியான வயர் போட்டால் வழியிலேயே வோல்ட் குறைந்து இன்வெர்ட்டர் முன்கூட்டி நின்றுவிடும்; அந்தப் பழி பேட்டரி மேல் விழும்.

முதல் சோதனையில் 85 அல்லது 90 வந்தால் உடனே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். நான்கு செல்களும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், முதலில் நிரம்பும் செல் 3.65 வோல்ட்டைத் தொட்டதும் சுற்று சார்ஜை நிறுத்திவிடும்; மற்ற மூன்றும் அரைவயிற்றோடு நிற்கும். இவற்றைச் சமன்செய்யும் மின்னோட்டம் மலிவுச் சுற்றுகளில் 50 முதல் 100 மில்லி ஆம்பியர்தான். ஓரிரு நாள் 14.2 வோல்ட் அளவில் வைத்திருந்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போதும் எண் ஏறவில்லை என்றால், அல்லது ஒரே மாதத்தில் செல்கள் மறுபடி விலகினால், உள்ளே பயன்படுத்திக் கழித்த செல்லோ தரம் குறைந்த செல்லோ இருக்க வாய்ப்பு உண்டு.

அதிர்வைத் தாங்குமா என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. பெட்டியை மெல்ல அசைத்தால் உள்ளே எதுவும் ஆடக்கூடாது. முழுச்சுமையில் பதினைந்து நிமிடம் ஓடியபின் ஒரு முனை மட்டும் கொதித்தால், ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பழைய ஈய அமில பேட்டரி இருந்த இடத்தில் எஞ்சிய ஃபியூஸ் போதாது. குறுக்குச்சுற்றில் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியர் தள்ளும். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடிய டி வகை ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே வைப்பது நல்லது.

ஆல்டர்னேட்டர்

லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால் அது தரக்கூடியதையெல்லாம் மணிக்கணக்கில் உறிஞ்சும். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றோட்டமும் குறைவதால் ஆல்டர்னேட்டர் எரிந்துபோகலாம். ஓடும்போது பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால், எழும் மின்னழுத்த உதையில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகலாம். இடையில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தால் இரண்டும் தீரும். மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர் கொண்ட யூரோ 6 வண்டிகளில் இந்தச் சார்ஜர் கட்டாயம் என்றே கொள்ளலாம்.

உத்தரவாதம்

பத்து ஆண்டு உத்தரவாதம் என்ற வரியைவிட, அதைக் கேட்டு எங்கே போவது என்பதே முக்கியம். லித்தியம் பேட்டரி ஒன்பதாம் வகை ஆபத்துச் சரக்கு. பழுதானதை வேறு கண்டத்துக்குத் திருப்பி அனுப்புவது பேட்டரியின் விலையை விழுங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாளர் இரண்டு ஆண்டு பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். 2023-இல் வந்த பேட்டரி ஒழுங்குமுறை இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் தெரியவேண்டும் என்கிறது. பெட்டியில் அது இல்லையென்றால் வாங்காமல் விடுவதே மேல். இரண்டு ஆண்டுக்குள் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் தாங்குகிறதா என்று வாங்கியவரே பார்த்துக்கொள்ளலாம். கொள்ளளவுச் சோதனையையோ, திருப்பியனுப்பும் கெடு முடிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

குளிரில் சார்ஜைத் தடுக்கிறது, இரண்டாம் சோதனையில் எழுதிய அளவைத் தருகிறது, விற்றவர் நாட்டுக்குள் இருக்கிறார்: இந்த மூன்றும் பொருந்திய மலிவு பேட்டரி கேம்பர் வேனுக்குத் தகும். முதலாவது பொருந்தவில்லை என்றால், பனி பெய்யும் நாட்டில் அதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.