ஊராத்துறைக்குள் காவல் புகுந்த கதை

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையின் பெயரை ஊர், காவல், துறை என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். கரையில் இடிந்து கிடக்கும் போர்த்துக்கேயர் கோட்டையும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையும் அந்தப் பொருளுக்குச் சாட்சி போலவே தோன்றும். ஆனால் காவல் என்ற சொல் பழைய பெயருக்குள் பிற்காலத்தில் புகுந்தது என்பதே என் முடிபு. சான்று பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை; கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து எழுதினார். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்த கல், துறையின் பெயரை ஊராத்துறை என்றே குறிக்கிறது. பராக்கிரமபாகுவோடு போரிட்ட சோழர் பக்கத்தில், இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டிலும் ஊராத்துறைதான். பகைவர் இருவர் ஒரே வடிவத்தை எழுதியிருக்க, அதைச் சுருக்கம் என்றோ பிழை என்றோ தள்ளுவது எப்படி? சிங்களத்திலும் அது ஊராத்தொட்ட. தொட்ட என்பது துறை, ஊரா என்பது பன்றி. அங்கும் காவல் இல்லை.

பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்று அதே கல்வெட்டுச் சொல்கிறதே, அப்போதே காவல் இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காவற்பணி இருந்தது, பெயரில் அது ஏறவில்லை. பணி கண்முன்னே நடந்ததால்தான் பிற்காலத்தார் பெயரையும் அதற்கேற்ப விளங்கிக்கொண்டார்கள். ‘ஊரா’ தமிழ்க் காதுக்குப் பொருள் தரவில்லை, ‘ஊர்’ தந்தது. எஞ்சிய இடத்தைக் காவல் நிரப்பியது. கோட்டைகள் எழுந்தபின் அந்த விளக்கத்துக்குக் கல்லே ஆதாரமாகிவிட்டது.

கோட்டை கட்டிய போர்த்துக்கேயருக்கும் இது முதலில் துறைதான். ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிட்ஸ் என்ற இன்னொரு பெயர் அவர்களுடைய ‘காயிஷ்’, அதாவது இறங்குதுறை, என்ற சொல்லிலிருந்து வந்தது. கடல்வாயை அடைத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழி அடைபடும் என்பதால்தான் முருகைக்கல் அடுக்கி நீர் நடுவே கோட்டை எழுப்பினார்கள். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிதண்ணீர் தீர்ந்து அது பணிந்தது. வென்றவர்கள், இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போலிருக்கிறது என்று, அதன் குதிகால் என்ற பொருளில் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டார்கள். தமிழில் அது கடற்கோட்டை. காவலுக்கென்றே கட்டிய அந்தக் கட்டடத்தின் பெயர் எதிலும் காவல் இல்லை. கப்பல் வந்து தங்கிய துறையின் பெயரில் மட்டுமே அது ஒட்டியிருக்கிறது.