அடிஷம் பங்களாவும் நம் லயங்களும்

அப்புத்தளை என்றதும் வெளியூரார் முதலில் விசாரிப்பது அடிஷம் பங்களாவைத்தான். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அதைக் கட்டி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். 1960களில் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமானது. வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களோடு இன்றும் பேணப்படுகின்றன. 1869இல் எழுந்த புனித அந்திரேயா ஆலயமும், 1890இல் லிப்டன் துரை நிறுவிய தம்பேதன்ன தொழிற்சாலையும் அவ்வாறே நிற்கின்றன. இவை நமக்கும் பெருமைதான்.

ஆனால் நம்மில் பலர் பிறந்து வளர்ந்த வீடுகள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. அவை லயங்கள்.

கோப்பிக் காலத்திலேயே தொடங்கிய கட்டட முறை அது. ஒரே கூரையின் கீழ் ஒட்டிய காம்பராக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் இரு வரிசைகள் முதுகோடு முதுகாக நிற்கும். பின்சுவரில் சன்னல் வைக்க இடமே இராது. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நம் படிப்பும் அந்த ஒரே காம்பராவில்தான். கட்டியவர்கள் தொழிலாளரைக் கணக்கிட்டார்கள், குடும்பத்தைக் கணக்கிடவில்லை. அதை வீடாக்கியவர்கள் நம் அம்மாமார், அம்மாயிமார். இஸ்தோப்பை அடைத்துக் குசினி ஆக்கினார்கள். பின்புறம் மரக்கறித் தோட்டம் போட்டார்கள். லயத்து வாசலில் காமன் கூத்து நடந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தக் காம்பராக்களில் இருந்தோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் எத்தனையோ காம்பராக்கள் வெறுமையாயின. நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் தலைமன்னார் வழியே கப்பலேறினார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே பேணிக் காக்க ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

இன்று தனிவீடுகள் எழுகின்றன. அவை எல்லோருக்கும் கிடைக்கவேண்டும்; பழைமை என்பதற்காக எவரும் லயத்தில் வாழவேண்டியதில்லை. ஆனால் லயம் இடிபடும்போது அதன் வரலாறும் மண்ணோடு போகவேண்டியதில்லை. கம்பளைக்கு அருகே பரதெக்கவில் பழைய லயமொன்றே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊவாவிலும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்று!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ கனடாவிலோ இருக்கும் சகோதரிகளே, உங்கள் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தை ஊரார் அழைத்த பெயர், காம்பராவில் அடுப்பும் சாமிப்படமும் இருந்த இடம், பீலிக்கரைக்குப் போன வழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கோடு போட்டுக் காட்டுங்கள். பழைய படமிருந்தால் பிரதியெடுத்து வையுங்கள். அம்மாயிமார் உயிரோடு இருந்தால் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். வில்லியர்ஸ் துரையின் நூலகத்தைக் காக்க ஒரு மடமே இருக்கிறது. நம் காம்பராக்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.